தமிழர் கொரிய மொழி கற்றலும் ஒப்பீட்டு ஆய்வின் வரலாறும்: விருத்தாசலத்துத் தொழிற்சொற்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழும் கொரிய மொழியும் உறவுடையவை என்னும் கருத்து ஒன்றரை நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது. புதிதாகக் கொரிய மொழி கற்கும் தமிழர்க்குச் சொல்லொற்றுமைப் பட்டியலைவிடத் தொடரமைப்பின் ஒற்றுமையே துணைசெய்கிறது என்பதையும், சொற்களை ஒப்பிடுமுன் அவற்றின் வரலாற்று அடுக்குகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கொரிய மொழி, ஒப்பிலக்கணம், கடன்சொல், துணைவினை, விருத்தாசலம்

முன்னுரை

ஹூண்டாய் நிறுவனம் 1996இல் தமிழகத்தில் கால்கொண்ட பின்னர்க் கொரிய மொழியறிவு வேலைவாய்ப்போடு தொடர்புடையதாயிற்று. சென்னையில் 2006இல் தொடங்கப்பெற்ற இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகளை நடத்துகிறது. தொடக்கநிலையில் கற்போரை முதலில் ஈர்ப்பவை ‘அப்பா’ (தந்தை), ‘நல்’ (நாள்), ‘புல்’ (புல்), ‘நா’ (நான்) போன்ற சொற்களே. இவை உறவுக்குச் சான்றாகுமா என்பது ஆராயத்தக்கது.

ஒப்பீட்டின் வரலாறு

பிரெஞ்சுப் பாதிரியார் தாலே 1874இல் வெளியிட்ட கொரியத் திருச்சபை வரலாற்றில் கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டார். 1886இல் ஆசிரியராகக் கொரியா சென்ற அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட், 1905இல் சியோலில் கொரிய-திராவிட ஒப்பிலக்கண நூலொன்றை வெளியிட்டார். அவர்க்குத் திராவிடத் தரவுகளைத் தந்தது 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். 1984இல் கிளிப்பிங்கர் நானூறுக்கு மேற்பட்ட சொல்லிணைகளைத் தொகுத்தளித்தார். ஆயினும் இவ்வுறவை மொழியியலார் பொதுவாக ஏற்கவில்லை. ஒலியியைபு விதிகள் முறையாக நிறுவப்படாமையும், ‘அப்பா’ போன்ற மழலைச் சொற்கள் தொடர்பில்லாத மொழிகளிலும் காணப்படுதலும் அதற்குக் காரணங்களாம்.

சொல்லடுக்குகள்

செராமிக் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் தொழிற்சொற்கள் இச்சிக்கலை நன்கு விளக்குகின்றன. ‘மட்கலம்’ தமிழ்ச்சொல், ‘பீங்கான்’ பாரசீக மூலமுடையது, ‘செராமிக்’ ஆங்கிலம் வழி வந்த கிரேக்கச் சொல். கொரிய மொழியிலும் இம்மூன்று அடுக்குகள் உள. மட்கலத்தைக் குறிக்கும் ‘ஜில்குருத்’ அம்மொழிக்குரிய சொல். ‘தோஜாகி’ சீன மூலமுடையது. தொழில்நுட்பப் பொருளில் வழங்குவது ‘செராமிக்’. இரு மொழிகளிலும் ஒலியும் பொருளும் முழுதும் ஒத்துள்ள சொல் இக்கடைசிச் சொல்லே. அதுவே உறவுக்குச் சிறிதும் சான்றாகாத சொல்லுமாகும். தோற்ற ஒற்றுமை மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஊர்ப்பெயரும் இவ்வாறே. தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் பாடப்பெற்ற ஊர், அப்பொருளையே தரும் வடமொழிப் பெயரால் விருத்தாசலமாயிற்று. கொரியாவில் சில்லா மன்னர் கியொங்தொக் 757இல் ஊர்ப்பெயர்களைச் சீன முறைக்கு மாற்றினார். பெரிய விளைநிலம் எனப் பொருள்படும் ‘ஹன்பத்’ என்னும் ஊர்ப்பெயரும் சீன வடிவில் ‘தேஜொன்’ என வழங்குகிறது. எண்ணுப்பெயர்களிலும் ஈரடுக்கு உண்டு: மணியைக் கூறக் கொரியச் சொற்களும், நிமிடத்தைக் கூறச் சீன வழிச் சொற்களும் பயன்படும். கற்போர் தொடக்கத்திலேயே இவ்வடுக்குகளை அறிதல் நன்று.

தொடரமைப்பு

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசையும் உருபு பெயரின்பின் வருதலும் இரு மொழிக்கும் பொது. ‘நான் படித்த நூல்’ என்பது ‘நேகா இல்குன் சேக்’ எனச் சொல்லுக்குச் சொல் அமைகிறது. பெயரெச்சம் பெயரின்முன் நிற்கிறது. துணைவினைகளின் ஒற்றுமை இன்னும் நெருக்கமானது. ‘படித்துப் பார்’ என்பதில் ‘பார்’ முயற்சிப் பொருள் தருவதுபோல, ‘இல்கொ போதா’ என்பதில் காணுதலைக் குறிக்கும் ‘போதா’ அப்பொருளைத் தருகிறது. ‘தின்றுவிடு’ என்பதற்கு ஈடான ‘மொகொ பொரிதா’ என்பதில், எறிதலைக் குறிக்கும் ‘பொரிதா’ முற்றுப்பேற்றை உணர்த்துகிறது.

சுட்டும் அத்தகையதே. கொரிய மொழியில் ‘இ’ பேசுவோர்க்கு அண்மையையும், ‘கு’ கேட்போர்க்கு அண்மையையும், ‘ஜொ’ இருவர்க்கும் சேய்மையையும் குறிக்கும். தொல்காப்பியம் கூறும் அ, இ, உ என்னும் மூவகைச் சுட்டை அறிந்த மாணவர்க்கு, சிறப்பாக உகரச் சுட்டைப் பேச்சில் காத்துவரும் யாழ்ப்பாணத்தார்க்கு, இப்பகுப்பு புதிதன்று.

வேற்றுமைகள்

தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். கொரிய வினை காட்டுவதில்லை. ஒலியிலும் இடர் உண்டு. மெல்லொலி சொல்லிடையில் குரலொலியாதல் தமிழ் வல்லினத்தை ஒப்பதெனினும், நிலவு, மகள், முகமூடி ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று சொற்கள் முதலெழுத்தின் இயல்பு, இறுக்கம், மூச்சு என்னும் வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. தமிழெழுத்தில் மூன்றும் ‘தல்’ என்றே அமையும். ஆதலின் 1446இல் அறிவிக்கப்பெற்ற ஹங்குல் எழுத்தை முதலிலேயே கற்பது இன்றியமையாதது.

முடிவுரை

தொடரமைப்பின் ஒற்றுமை குடிவழி உறவை மெய்ப்பிப்பதில்லை. ஜப்பானியம், துருக்கியம் முதலியவற்றிலும் அத்தகைய அமைப்பு உண்டு. எனினும் கற்போர்க்கு அது பெருந்துணை. உறவு மெய்யாயினும் பொய்யாயினும் ‘படித்துப் பார்’ என்பதை அறிந்தவர்க்கு ‘இல்கொ போதா’ விளங்கும். ஆகவே தமிழர்க்கான கொரியப் பாடநூல் சொற்பட்டியலில் தொடங்காமல் எச்சத்திலும் துணைவினையிலும் தொடங்குதல் பயன்தரும். சொல்லொப்பீட்டை மேற்கொள்ளும் ஆய்வாளரோ கடன்சொற்களை முதலில் நீக்குதல் வேண்டும்.