ஒளி பிளக்கும் காற்று

கதிரவன் ஒளி வாழ்வளிப்பது. அதனை நாம் அறிவோம். அவ்வொளியே வாயுவின் மூலக்கூறுகளைப் பிளக்கவும் வல்லது. வானில் ஓஸோன் படலம் விரிந்ததும் அதனாலேயே, நலிந்ததும் அதனாலேயே.

1930இல் ஆங்கிலேய அறிஞர் சிட்னி சாப்மன் அப்படலத்தின் தோற்றத்தை விளக்கினார். புற ஊதாக் கதிர் பிராணவாயு மூலக்கூறை இரு அணுக்களாகப் பிளக்கிறது. பிரிந்த அணு வேறொரு பிராணவாயு மூலக்கூறுடன் கூடி ஓஸோன் ஆகிறது. அக்கூட்டு நிலைக்க, எஞ்சிய ஆற்றலை ஏற்றுச்செல்ல மூன்றாவதொரு மூலக்கூறு அருகே வேண்டும். மிக உயரே காற்றின் அழுத்தம் குறைவு. ஆதலின் அந்நெருக்கம் இல்லை. நிலத்தருகே நெருக்கம் உண்டு, அக்கதிர் எட்டுவதில்லை. எனவேதான் இடைப்பட்ட உயரத்தில் ஓஸோன் செறிந்து நிற்கிறது.

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்கள் மேலே சென்று, ஒளியால் உடைந்து, குளோரினை வெளிவிட்டு ஓஸோனை அழிக்கும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1985இல் தென்துருவ வானில் எவரும் எதிர்பாராத பேரிழப்பை பிரிட்டிஷ் ஆய்வாளர் அறிவித்தனர். அங்கு அதற்குத் துணை நின்றது குளிர். பூஜ்யத்துக்குக் கீழ் 78 டிகிரி செல்சியஸுக்கும் தாழ்ந்த குளிரில் முகில்கள் திரள்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் குளோரின் வாயு பிறக்கிறது. நெடிய துருவ இரவு கழிந்து கதிரவன் எழுந்ததும், ஒளி அதனைப் பிளக்கிறது, அழிவு தொடங்குகிறது.

1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி, அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. இன்று படலம் மெல்ல மீண்டு வருகிறது. ஒளி மாறவில்லை, துருவக் குளிரும் புதிதன்று. காற்றில் நாம் கலந்ததே புதிது. கலந்த கைக்கு நிறுத்தவும் இயலும் என்பதே இவ்வரலாறு நமக்குரைக்கும் ஆறுதல்.