2023-ல 'பாஸ் அவுட்' ஆனீங்களா... அப்போ மயங்கி விழுந்தீங்களா?

"ஐ பாஸ்டு அவுட் இன் 2023." வேலை தேடுற சென்னைப் பசங்க இன்டர்வியூவில் சாதாரணமாகச் சொல்ற வாக்கியம் இது. அடையாறு ஆபீஸில் சொன்னா, 'படிப்பை முடிச்சுட்டார்' என்று புரியும். அதையே வீடியோ காலில் ஓர் அமெரிக்கரிடம் சொன்னா, '2023-ல மயங்கி விழுந்தாரா?' என்று முழிக்க வாய்ப்பு உண்டு. ஏன்னா, 'பாஸ் அவுட்'டுக்கு அர்த்தம் ஒண்ணு இல்லை.

மயங்கி விழுவது

உலகம் முழுக்க முதலில் புரியும் அர்த்தம் இதுதான். மே மாச வெயிலில் ரங்கநாதன் தெரு கூட்டத்தில் சிக்கித் தலைசுத்தினா, "ஐ ஆல்மோஸ்ட் பாஸ்டு அவுட்" எனலாம். குடிச்சுட்டு நினைவில்லாமல் தூங்கிட்டாலும் இதே சொல்தான்.

விநியோகிப்பது

மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் மாட வீதிகளில் நீர்மோர் கொடுப்பாங்களே, அதுக்கு "தே பாஸ்டு அவுட் பட்டர்மில்க்" என்று சொல்லலாம். 'எதை' என்ற கேள்விக்குப் பதில் இருந்தா, பெரும்பாலும் இந்த அர்த்தம்தான். 'அதை' என்று சுருக்கிச் சொன்னா, அந்தச் சொல் நடுவில் வரும்: "பாஸ்டு இட் அவுட்".

பயிற்சியை முடிப்பது

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சியை முடித்து வெளியே வருவதும் 'பாஸ் அவுட்'தான். பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடியும்போது நடக்கும் அணிவகுப்புக்குப் பெயரே 'பாஸிங் அவுட் பரேட்'. நாம இதே சொல்லை காலேஜுக்கும் ஸ்கூலுக்கும் பயன்படுத்துறோம். வேலை விளம்பரங்களில்கூட '2024 பாஸ் அவுட்ஸ்' என்றுதான் கேட்கிறாங்க. அதனால இந்திய ஆங்கிலத்தில் இது தப்பு இல்லை.

அப்போ ரெஸ்யூமேவில் என்ன எழுதலாம்?

டிகிரி என்றால், "ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம் ஐ.ஐ.டி மெட்ராஸ் இன் 2023". ப்ளஸ் டூ என்றால், "ஐ ஃபினிஷ்டு ஸ்கூல் இன் 2019". இரண்டும் எந்த ஊரிலும் குழப்பம் தராது. பரீட்சையில் தேறியதைச் சொல்ல 'பாஸ்டு' மட்டும் போதும், 'அவுட்' வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷார்: 'அவுட்'டுக்குப் பதில் 'அவே' போட்டுடாதீங்க. 'பாஸ்டு அவே' என்றால் காலமாகிவிட்டார் என்று அர்த்தம்!

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட 'பாஸ் அவுட்' என்றே தாராளமா பேசுங்க. வெளிநாட்டு கம்பெனிக்கு மெயில் போடும்போது மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று மாத்திக்கோங்க.