இடாப்பும் பலியும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் கிறிஸ்தவத் தொண்டின் போக்கு (1814–2019)

இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நடக்கிற முதல் வேலை இடாப்புக் கூப்பிடுதல். ஆசிரியர் பெயர் சொல்வார். பிள்ளை எழும்பி நின்று வரவு சொல்லும். வராத பிள்ளையின் கட்டத்தில் ஒரு குறி விழும். மட்டக்களப்பில் இந்தப் பழக்கத்தை ஊன்றியவர்களில் முன்னே நிற்பவர்கள் கிறிஸ்தவ மிசனரிமார். ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்குப் பின், அவர்கள் வழியில் வந்த குருமார் சிலர் அதே வாவிக்கரையில் இன்னோர் இடாப்பை எழுதவேண்டி வந்தது. அந்த இடாப்பில் வரவு சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இந்த இரண்டு இடாப்புகளுக்கும் இடையிலான பாதையையே இக்கட்டுரை பின்தொடர்கிறது. மட்டக்களப்புக் கிறிஸ்தவத்தைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இரண்டு தடத்தில் ஓடியிருக்கிறது. ஆலய நூற்றாண்டு மலர்களின் தடம் ஒன்று. அங்கே எல்லாக் குருமாரும் புனிதர்கள். மதமாற்றத்தை மட்டும் கணக்கெடுக்கும் தடம் மற்றது. அங்கே எல்லாப் பள்ளிக்கூடமும் தூண்டில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தொண்டு, தியாகம் என்ற சொற்களுக்கு இம்மண்ணில் இருந்த பொருளே காலத்தோடு மாறிவந்ததை இரண்டும் கவனிக்கவில்லை. தொடக்கத்தில் தியாகம் என்றால் ஊரை விட்டுக் கடல் கடந்து வருவது. கடைசியில் அது, வந்த ஊரை விட்டுப் போகாமல் இருப்பது என்றானது.

1814க்கு முந்திய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1628இல் போர்த்துக்கீசர் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கத்தைத் தடைசெய்தது. குருவானவரைக் காண்பதே அரிதான அந்தக் காலத்தில் மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கீச மொழியையும் செபமாலையையும் கையை விட்டு விடவில்லை. அரசும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, குருவும் இல்லை; வீட்டுக்குள்ளே விசுவாசம் இருந்தது. இந்தக் கட்டத்தை ஆய்வாளர்கள் அவசரமாகக் கடந்து போவதுண்டு. நானும் கடந்து போகிறேன். ஆனாலும் போகாமல் இருத்தல் என்ற குணம் இந்த வாவிக்கரையில் முதலில் தெரிவது அவர்களிடம்தான் என்பதைக் குறித்துவைக்கவேண்டும்.

வெஸ்லியன் (மெதடிஸ்த) மிசனரிமாரின் வருகை சாவோடு தொடங்கிற்று. அவர்களைத் திரட்டிக் கூட்டிவந்த கலாநிதி தோமஸ் கோக் 1814 மே 3 அன்று கப்பலிலேயே இறந்தார். குழுவில் ஒருவரான வில்லியம் ஓல்ட் அதற்கு முன்பே, அதே பயணத்தில், தம் மனைவியைக் கடலுக்குக் கொடுத்திருந்தார். ஜூன் 29இல் அவர்கள் காலியில் இறங்கினார்கள். முக்கிய நகரங்களில் ஆங்கிலம் கற்பிக்க முன்வந்தால் மாதப்படி தருவதாக ஆங்கில அரசு சொன்னது. கையில் பணமில்லாதவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். யார் எந்த ஊருக்கு என்று தங்களுக்குள் பிரித்தபோது மட்டக்களப்பு ஓல்டுக்கு வந்தது. மற்ற ஊர்களுக்கு இருவராகப் போனவர்களும் உண்டு. இவர் தனியே வந்தார்.

எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிக்கூடம் திறந்தார் என்பது மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. 1815 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தார். வந்து ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814இல் வைக்கிறது. வின்சன்ட் மகளிர் பாடசாலை 1820இல் எழுந்தது. வாவிக்கரையில் ஓல்டுக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

சிலைக்கு உரியவரே அவர். ஆனால் எட்டுக்கு எட்டு என்று அழகாகப் பொருந்தும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கவேண்டும். தமிழ் படிக்கத் தொடங்கி ஓராண்டும் ஆகாத ஒருவர், சாலை இல்லாத நாட்டில், தோணியில் ஏறி இறங்கி எட்டு இடத்தில் பள்ளி நடத்த முடியுமா? முடியாது. இடம் கொடுத்தவர்கள், ஓலைக் கொட்டில் போட்டவர்கள், உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள், பிள்ளையை வயலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார் என்று ஒரு கூட்டம் பின்னால் இருந்திருக்கவேண்டும். மிசன் அறிக்கைகள் இலண்டனில் காசு சேர்ப்பதற்காக எழுதப்பட்டவை. அவற்றில் தியாகம் செய்பவர் எப்போதும் கப்பலில் வந்தவர்தான். உபதேசியாரும் பள்ளிக்கூட வாத்தியாரும் அங்கே 'சுதேச உதவியாளர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

வெஸ்லியன் பணி நகரத்தோடு நிற்கவில்லை. ரால்ப் ஸ்டொட் போன்றவர்கள் 1840களை ஒட்டிக் காட்டோர வேடர் மக்களிடம் போனார்கள், ஞானஸ்நானம் கொடுத்தார்கள், குடியிருத்திப் பயிர் செய்யப் பழக்கவும் முயன்றார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. காட்டை நம்பி வாழ்ந்தவரை ஓரிடத்தில் இருத்துவதே தொண்டு என்று நினைத்தது அக்காலத்தின் பிழை. அதைத் தியாகத்தின் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கத்தோலிக்கப் பக்கத்தில் திருப்பம் 1890களில் வந்தது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. 1895இல் பிரெஞ்சு யேசு சபையினர் அதைப் பொறுப்பேற்றார்கள். 1873இல் தொடங்கியிருந்த புனித மிக்கேல் கல்லூரி அவர்கள் கையில் கிழக்கு மாகாணத்தின் முதன்மைப் பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்தது. கணிதத்தில் பேர்பெற்ற பொனெல் அடிகளாரின் பெயர் அந்த வளர்ச்சியோடு ஒட்டிக்கொண்டது.

அங்கே படித்தவர்களில் காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனன் என்ற பிள்ளையும் ஒருவர். முதலில் கல்முனை மெதடிஸ்த பாடசாலை, பிறகு புனித மிக்கேல். 1908இல், 16 வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். படித்த கல்லூரியிலேயே கற்பித்தார். பின்னாளில் சுவாமி விபுலானந்தர் ஆனார். இராமகிருஷ்ண மிசன் சார்பில் 1929இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். மெதடிஸ்தரும் யேசு சபையினரும் வார்த்த கல்வி, சைவப் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலில் பள்ளி அமைக்கும் கையில் போய்ச் சேர்ந்தது. மிசனரிமார் எதிர்பார்த்த விளைச்சல் இதுவாக இருந்திராது. ஆனால் மட்டக்களப்பில் அவர்கள் விதைத்ததில் மிக நன்றாக விளைந்தது எது என்று என்னைக் கேட்டால், நான் கல்லடியைத்தான் காட்டுவேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரர் இடத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண யேசு சபையினர் வந்தார்கள். இந்தத் தலைமுறையின் போக்கு வேறு. வெபர் அடிகளார் கூடைப்பந்தும் ஓட்டப்போட்டியும் பழக்கினார்; நகரின் மைதானம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. லாங் அடிகளார் வாவிக்குள் கருவியை இறக்கிப் பாடும் மீனின் ஒலியைப் பதிவுசெய்தார். அதை எந்தத் தொண்டில் சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஓர் ஊரின் மீனுக்குக் காது கொடுத்தவர் அந்த ஊரை விட்டு எளிதில் போகமாட்டார்.

1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. திருச்சபைகள் அதைப் பேரிழப்பாகவே கண்டன; சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கத்தோலிக்கர் போராடினார்கள். மட்டக்களப்பைப் பொறுத்தவரை, அந்த இழப்பே தொண்டின் பொருளைத் திருப்பிவிட்டது என்பது என் கணிப்பு. பள்ளிக்கூடம் கையில் இருந்தவரை குருவானவருக்கு ஓர் அதிகாரம் இருந்தது: அனுமதி கொடுப்பவர், வேலை கொடுப்பவர், பரிந்துரைக் கடிதம் எழுதுபவர். அது போன பிறகு, மக்களிடம் வெறுங்கையோடு போகவேண்டியதாயிற்று. யேசு சபையினரின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகம் அந்தக் காலத்துக்குரிய முயற்சி. பரீட்சையில் தவறிய பொடியன்களுக்குக் கைத்தொழில் பழக்கிய இடம். அங்கே சேர எந்த மதம் என்பது கேள்வியாக இருக்கவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி ஊரின் தென்னையையும் கூரையையும் ஒருசேரப் பிடுங்கி எறிந்தபோது ஆலயங்களும் பள்ளிகளும் தஞ்சம் கொடுத்தன. கூரை போன ஆலயத்தில் கூரை போன சனம் தங்கியது.

இதே காலத்தில் பக்தியும் இந்த மண்ணின் நடையைப் பிடித்துக்கொண்டது. படுவான்கரையில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலத்துக்குச் செப்டெம்பர்த் திருவிழாவில் பாதயாத்திரை போகிறார்கள். மண்டூர், மாமாங்கம் கோயில்களுக்கு நேர்த்தி வைத்து நடக்கும் ஊரில், மாதாவுக்கும் நடந்துதானே போகவேண்டும்! வரும் கூட்டத்தில் சைவரும் உண்டு. மாவட்டத்தில் கிறிஸ்தவர் பத்துக்கு ஒருவருக்கும் குறைவு. தன் ஆட்களுக்கு மட்டும் செய்யும் தொண்டு என்று ஒன்று இங்கே நடைமுறையில் சாத்தியமே இல்லை.

இனி அந்த இரண்டாவது இடாப்பு.

உள்நாட்டுப் போர் நடந்த 1980களில் மட்டக்களப்புப் பிரசைகள் குழுவின் தலைவராக இருந்தவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் பெற்றார் ஓடிப்போய்ச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக அவர் இருந்தார். படை முகாமுக்குப் போவார், பெயர் சொல்லிக் கேட்பார். எந்தத் துவக்கின் பக்கமும் சேராத ஒருவர் எல்லாத் துவக்குக்கும் இடைஞ்சல். 1988 ஜூன் 6 அன்று புனித மரியாள் ஆலய வளவில் ஆயுததாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கடல் கடந்து வந்தவர்களின் பெயர்களே நிரம்பிய தியாக வரலாற்றில், இந்த நாட்டிலேயே பிறந்த ஒருவரின் இரத்தம் அந்த ஆலயத் தரையில் விழுந்தது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் அதே ஆலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கமும் சுடப்பட்டார்.

1990 ஆகஸ்ட் மட்டக்களப்பு மறக்க விரும்பும் மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். தமிழர் கிராமங்களிலும் சாவு. பக்கத்து ஊருக்குப் போகும் தெருவே எல்லையாகிவிட்டது. அந்த நாட்களில் யூஜின் ஹேபேர் அடிகளார் வாழைச்சேனைக்குப் போனார். 1948 முதல் இங்கே இருந்தவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இரண்டு தலைமுறைக்குக் கூடைப்பந்து பழக்கியவர். வாழைச்சேனை மடத்துச் சகோதரிகளின் பாதுகாப்புக்காகப் போயிருந்தார். ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புத் திருநாள். ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். ஏறத்தாழ 30 கிலோமீற்றர்ப் பாதை. இருவரும் வந்து சேரவில்லை.

அவரோடு ஒரே ஆண்டில் இலங்கைக்கு வந்த சக யேசு சபைக் குரு பென்ஜமின் ஹென்றி மில்லர். ஊருக்கு அவர் ஹரி மில்லர். புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவர். இடாப்பு எழுதிப் பழகிய கை. மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்தபடி அவரும் மற்றவர்களும் காணாமற்போனோரின் பெயர்களைத் திரட்டினார்கள். பெயர், வயது, ஊர், கொண்டுபோன நாள், கொண்டுபோனவர்கள் யார்: இப்படிப்பட்ட பட்டியலில் உள்ள நிரல்கள் இவ்வளவுதான். ஆனால் கொண்டுபோனவர்கள் யார் என்ற அந்தக் கடைசி நிரலை நிரப்ப, எழுதுபவருக்கும் சொல்பவருக்கும் அன்று எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை வாவிக்கரையில் இருந்தவர்களே அறிவார்கள். பட்டியலில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் கிறிஸ்தவர் அல்லர். அதில் ஒரு பெயர் மில்லரின் சபைத் தோழரான ஹேபேரின் பெயர்.

நம்பிக்கையின் பெயரால் செய்யப்பட்ட பணி என்று இதை எப்படிச் சொல்வது? ஞானஸ்நானம் இல்லை, செபம் சொல்லிக்கொடுத்தல் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஒரு மேசை, ஒரு கொப்பி, வரிசையில் தாய்மார். ஒவ்வோர் உயிரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டது என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் என்றால், அந்தக் கொப்பி அதன் மிக நேரான செயல் வடிவம் என்று நான் கொள்கிறேன். மில்லர் 2019 ஜனவரி 1 அன்று, 93 வயதில், மட்டக்களப்பிலேயே இறந்தார்.

அதற்கு நான்கு மாதம் கழியுமுன், ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். பெரிய பையோடு வந்த அந்நியரை உள்ளே விடாமல் முற்றத்தில் நிறுத்திவைத்துப் பேசினார் ஒரு குடும்பத் தகப்பன். அவர் மறித்திருக்காவிட்டால் நிறைந்திருந்த மண்டபத்துக்குள்ளேயே அது வெடித்திருக்கும். 31 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் பிள்ளைகள். குருவும் அல்லாத, துறவியும் அல்லாத, சபையில் ஒருவரான அந்த மனிதரும் அங்கேயே இறந்தார். ஞாயிறு பாடசாலைக்கும் ஓர் இடாப்பு உண்டு.

இந்த ஆய்வுக்கு இன்றியமையாத சான்றுகள் எல்லாம் கடதாசியில் இருக்கின்றன. பங்குக் கோயில் அலுமாரிகளில், ஓய்வுபெற்ற அதிபர்மாரின் பெட்டிகளில், காணாமற்போனவர்களின் தாய்மார் தலைமாட்டில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைகளில். சூறாவளியும் கறையானும் வாவியின் ஈரக்காற்றும் ஏற்கனவே பாதியைத் தின்றுவிட்டன. பழைய பள்ளி இடாப்பு, ஞானஸ்நானப் பதிவேடு, பிரசைகள் குழு, சமாதானக் குழுக் கடிதங்களின் பிரதி எதையேனும் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழங்கடதாசி என்று எரித்துவிடவேண்டாம். படமெடுத்து நூலக நிறுவனம் போன்ற ஆவணகங்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, அவற்றை எழுதிய வாத்தியார், உபதேசியார், எழுதுவினைஞர் யார் என்று தெரிந்தால், அந்தப் பெயரையும் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள்.