வீட்டு எரிவாயு ஃபர்னஸில் சுடர் உணரி: செயல்முறையும் பழுதாய்வும்

முன்னுரை

டொராண்டோவிலும் அதையொட்டிய மார்க்கம், பிராம்ப்டன் போன்ற ஊர்களிலும் பெரும்பாலான தனி வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்குவது, பேஸ்மென்ட்டில் நிற்கும் எரிவாயு ஃபர்னஸ்தான். தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஸ்கார்பரோவும் இதற்கு விலக்கன்று. சனவரி இரவில் ஃபர்னஸ் நின்றால் சில மணி நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். அப்படியே விட்டால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.

நின்றுபோகும் ஃபர்னஸ்களில் அடிக்கடி காணும் அறிகுறி ஒன்று உண்டு. பர்னர் பற்றுகிறது, நீலச் சுடர் சீராக எரிகிறது, சில நொடிகளில் பட்டென்று அணைகிறது. மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. சில முயற்சிகளுக்குப் பின் இயந்திரம் அடங்கிவிடுகிறது. "சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதே இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு பாதி உண்மைதான். அந்தச் சென்சர், அதாவது சுடர் எரிகிறதா என்று கண்காணிக்கும் சுடர் உணரி, தனித்து நிற்கும் கம்பி அன்று. கம்பி, சுடர், பர்னர், எர்த், கண்ட்ரோல் போர்டு ஆகிய ஐந்தும் சேர்ந்த மின்சுற்று அது. ஐந்தில் எது அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. ஆகவே பழுதாய்வு சுற்று முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. கண்காணிப்பின் தேவை

கேஸ் வால்வு திறந்திருந்து சுடர் இல்லாவிட்டால், எரியாத வாயு சேரத் தொடங்கும். பிறகு ஒரு பொறி போதும். எனவே சுடர் எரிகிறதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நொடியும் விடை கிடைக்க வேண்டும்.

எந்நேரமும் எரியும் சிறு பைலட் சுடர் கொண்ட பழைய ஃபர்னஸ்களில் இந்த வேலையைத் தெர்மோகப்பிள் செய்தது. பைலட்டின் சூட்டில் அது ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தந்து வால்வைத் திறந்து வைத்திருக்கும். அது அறிவது வெப்பத்தை. சுடர் அணைந்த பிறகும் உலோகம் ஆறச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரை வால்வு மூடாது. இன்றைய சுடர் உணரி வெப்பத்தைப் பார்ப்பதே இல்லை. சுடரின் மின்கடத்தும் தன்மையைப் பார்க்கிறது. அதனால்தான் சுடர் மறைந்ததை அதனால் உடனுக்குடன் சொல்ல முடிகிறது.

2. சுடரின் வழியே மின்னோட்டம்

2.1 அயனிகள்: எரிவாயுவில் உள்ள ஹைட்ரோகார்பன் எரியும்போது, வேதிவினையின் இடைநிலையில் நேர்மின் அயனிகளும் எலக்ட்ரான்களும் பிரிகின்றன. இதனால் சுடர் ஓரளவு மின்சாரம் கடத்துகிறது.

2.2 ஒருவழிப்படுத்தல்: கண்ட்ரோல் போர்டு உணரிக் கம்பிக்கு ஏறத்தாழ 80 முதல் 120 வோல்ட் வரை மாறுதிசை மின்னழுத்தம் தருகிறது. சுற்றின் மறுமுனை, எர்த்துடன் இணைந்த பர்னர். கம்பி மெல்லியது, பர்னரின் உலோகப் பரப்போ சுடருக்குள் நிற்கும் கம்பியின் பரப்பைப்போல் குறைந்தது நான்கு மடங்காவது இருக்க வேண்டும். கம்பி நேர்மின்னாக இருக்கும் அரைச்சுற்றில், கனமான அயனிகளை அகன்ற பர்னர் ஏராளமாக ஏற்கிறது. மின்னோட்டம் நன்றாக ஓடுகிறது. கம்பி எதிர்மின்னாக மாறும்போது அதே அயனிகளை அந்தச் சிறு பரப்பே ஏற்க வேண்டியிருப்பதால் மின்னோட்டம் குன்றுகிறது. இந்த ஏற்றத்தாழ்வின் மிச்சமே ஒருதிசை மின்னோட்டம். அதன் அளவு சில மைக்ரோ ஆம்பியர். 5 மைக்ரோ ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு.

2.3 பாதுகாப்பின் அடிப்படை: கம்பி எங்காவது பர்னரைத் தொட்டாலோ, ஈரமும் கரியும் வழியாக எர்த்துக்குக் கசிந்தாலோ மின்னோட்டம் இருபுறமும் சமமாக ஓடும், ஒருதிசை மிச்சம் கிடைக்காது. போர்டு அதைச் சுடராக எண்ணி ஏமாறாது. சுற்றில் பழுது வந்தால் விடை "சுடர் இல்லை" என்றே வரும்படி அமைந்திருப்பது இந்த வடிவமைப்பின் பெருஞ்சிறப்பு. எரியும் ஃபர்னஸை அது வீணாக நிறுத்தலாம். எரியாத ஃபர்னஸில் வாயுவை ஓடவிடுவது மிக அரிது.

3. பற்றவைப்பின் ஒழுங்கு

பழுதைக் கண்டறிய ஃபர்னஸ் எந்த வரிசையில் இயங்குகிறது என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கிறது. புகையை வெளியேற்றும் சிறு மின்விசிறி சுழல்கிறது. காற்றோட்டம் சரியென்று பிரஷர் சுவிட்ச் உறுதி செய்கிறது. இக்னைட்டர் சில நொடிகள் சிவக்கச் சூடேறுகிறது. கேஸ் வால்வு திறக்கிறது. அடுத்த சில நொடிகளுக்குள் உணரியிடமிருந்து சைகை வர வேண்டும். வராவிட்டால் வால்வு மூடும். பல போர்டுகள் மூன்று முதல் ஐந்து முறை முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும்.

பல பர்னர்கள் வரிசையாக உள்ள ஃபர்னஸில் இக்னைட்டர் ஒரு கோடியிலும் உணரி மறுகோடியிலும் இருப்பது வழக்கம். கடைசி பர்னர் எரிந்தால், இடையில் உள்ளவற்றுக்கும் சுடர் தாவியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

4. அறிகுறிகளைப் பிரித்தறிதல்

4.1 பற்றிச் சில நொடிகளில் அணைதல்: சைகை போர்டை எட்டவில்லை. உணரிச் சுற்றை ஆராய வேண்டிய இடம் இதுவே.

4.2 பற்றவே பற்றாமை: உணரியின்மேல் பழி போடக் கூடாது. இக்னைட்டர், வால்வு, பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4.3 பல நிமிடம் எரிந்து அணைதல்: அடைத்த ஃபில்டரால் உள்ளே சூடு மிகுந்து, லிமிட் சுவிட்ச் நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம்.

4.4 கடைசி பர்னர் மட்டும் எரியாமை: உணரி உண்மையைத்தான் சொல்கிறது. சுடர் தாவும் வழியில் துருவோ அடைப்போ இருக்கும். இங்கே புது உணரி வாங்குவது வீண்செலவு.

4.5 சுடர் இருக்கக் கூடாதபோது "சுடர் உண்டு" என்று போர்டு காட்டுதல்: போர்டு கெட்டிருக்கலாம், வால்வு முழுதும் மூடாமல் இருக்கலாம். வாயுவை அடைத்துவிட்டு உடனே டெக்னீஷியனை அழைக்க வேண்டும்.

போர்டில் மின்னும் சிறு விளக்கு இவற்றைச் சுட்டும். எத்தனை முறை மின்னினால் என்ன பொருள் என்ற பட்டியல் பெரும்பாலும் ஃபர்னஸ் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் பல போர்டுகளில் மின்னும் அந்தக் குறியீடு அழிந்துபோகும். முதலில் அதைப் படித்துக் குறித்துக்கொள்வது நல்லது.

5. அளத்தலும் துடைத்தலும்

ஆய்வின் முறையான முதற்படி அளத்தல். மல்டிமீட்டரை ஒருதிசை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்து, உணரிக்கும் அதன் ஒயருக்கும் இடையே தொடராக இணைத்து, சுடர் எரியும்போது பார்க்க வேண்டும். பல ஃபர்னஸ்களில் 2 முதல் 6 வரை இருந்தால் நலம். 1க்குக் கீழே போனால் ஆபத்தின் விளிம்பு. தயாரிப்பாளர் தரும் எண்ணே இறுதியானது.

எண் குறைவாக இருந்தால் உணரிக் கம்பியில் படிந்ததைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, வாயுவை அடைத்து, ஆறவிட வேண்டும். உணரியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு திருகு. வெளியே எடுத்தால், பீங்கான் பிடியிலிருந்து நீளும் மெல்லிய கம்பி தெரியும். சுடரில் நிற்கும் பகுதியில் வெண்சாம்பல் நிறத்தில் மென்படலம் படிந்திருக்கும். சில வேளை கண்ணுக்கே தெரியாது. நுண்ணிய ஸ்டீல் வுல்லால் மெல்லத் தேய்த்து, உலோகப் பளபளப்பு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். முரட்டு உப்புத்தாள் கம்பியில் கீறல் போடும். அந்தக் கீறல்களில் படிவு எளிதாகப் பற்றும். பீங்கானைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: மயிரிழை விரிசல் இருந்தால் சைகை அங்கேயே கசியும், அப்போது உணரியை மாற்றுவதுதான் வழி. அருகிலுள்ள இக்னைட்டர் எளிதில் உடையக் கூடியது. அதை விரலால் தொடவே கூடாது.

மறுபடி அளக்க வேண்டும். 0.9 ஆக இருந்தது 3.8 ஆனால் குற்றம் படிவில் இருந்தது உறுதி. எண் உயரவில்லையென்றால் சுற்றின் மற்ற உறுப்புகளை நோக்க வேண்டும்: துருப்பிடித்த பர்னர், தளர்ந்த எர்த் இணைப்பு, உரிந்த ஒயர், கம்பியைவிட்டு விலகும் சோம்பிய சுடர், கடைசியாகப் போர்டு. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில ஃபர்னஸ்கள் சுடரை அறியா.

6. படிவு திரும்பத் திரும்ப வருவது ஏன்?

துடைத்த சில வாரங்களிலேயே எண் இறங்கினால், பழுது பெரும்பாலும் எரிகாற்றில், அதாவது சுடர் எரிய ஃபர்னஸ் இழுக்கும் காற்றில், இருக்கிறது. துணி மென்மையாக்கிகள், சில ஷாம்புகள், ஒட்டுப் பசைகள் ஆகியவற்றில் உள்ள சிலிக்கோன் சேர்மங்கள் காற்றில் கலந்து சுடரில் எரியும்போது சிலிக்காவாக மாறுகின்றன. அது கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருள். துணி துவைக்கும் இடத்துக்கு அருகிலேயே பேஸ்மென்ட் காற்றை இழுத்து எரியும் ஃபர்னஸில் இது எதிர்பார்க்கத்தக்கதே. துணிக்கான வேதிப்பொருள்களை விலக்கி வைத்தல், எரிகாற்றை வெளியிலிருந்து எடுக்கும் வகைக்கு மாறுதல் ஆகியவையே நிலையான தீர்வுகள்.

7. மீறக் கூடாத எல்லைகள்

உணரியை ஏமாற்றி ஃபர்னஸை ஓட்ட முயல்வது உயிரோடு விளையாடுவது. வாயு நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகே தொலைபேசியை எடுக்க வேண்டும். சுடர் மஞ்சளாக அலைந்தால், அல்லது வீட்டிலுள்ளவர்களுக்கு ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் வந்தால், கார்பன் மோனாக்சைடை ஐயுற வேண்டும். சுடர் உணரி இந்த நச்சை அறியாது. அதற்குத் தனி எச்சரிக்கைக் கருவி வேண்டும். வாயு இணைப்பு, வால்வு, பர்னர் வேலைகளை ஒண்டாரியோவில் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் மட்டுமே செய்யலாம்.

முடிவுரை

சுடர் உணரி, ஏறத்தாழ எந்தப் பழுதிலும் பாதுகாப்பின் பக்கமே சாயும்படி அமைந்த சுற்று. அது ஃபர்னஸை நிறுத்தும்போது காரணம் தேட வேண்டியது நம் பொறுப்பு. குறியீட்டைப் படித்தல், சுடரைப் பார்த்தல், அளத்தல், துடைத்தல், மறுபடி அளத்தல் என்ற வரிசையில் சென்றால் தேவையின்றி உறுப்புகளை மாற்றும் செலவு குறையும். குளிர்காலத்துக்கு முந்தைய ஆண்டுப் பராமரிப்பில் மைக்ரோ ஆம்பியர் அளவைக் கேட்டு வாங்கி, தேதியுடன் ஃபர்னஸ் கதவிலேயே எழுதிவைக்கும் பழக்கத்தை ஒவ்வொரு வீட்டாரும் மேற்கொள்ளலாம். எண் ஆண்டுக்கு ஆண்டு இறங்குவது தெரிந்தால், பழுதை நடுக்குளிருக்கு முன்பே பிடித்துவிடலாம்.