முன்சில்லில் ஓடும் மோட்டார் சைக்கிள்: ஸ்டொப்பி சாகசத்தின் கணக்கும் விலையும்

முன் பிரேக்கை அழுத்திப் பின்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, முன்சில்லில் மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் சாகசத்துக்கு ‘ஸ்டொப்பி’ என்று பெயர். முன்சில்லைத் தூக்கிப் பின்சில்லில் ஓடும் ‘வீலி’க்கு இது நேர் எதிரானது. பின்சில்லு மேலெழுந்த பின்னும் வண்டியை நிறுத்திவிடாமல் முன்சில்லில் தொடர்ந்து உருளவிடுவது இதன் அடுத்த கட்டம். ஸ்டண்ட் ஓட்டுநர்கள் இதனை ‘ரோலிங் ஸ்டொப்பி’ என்கிறார்கள்.

சமூக ஊடகங்களின் குறுங்காணொளிகளில் இது சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அதைச் செய்பவரின் பின்னால் உள்ள பல வருடப் பயிற்சியும், விழுந்து எழுந்த கணக்கும் காணொளியில் வருவதில்லை. வடக்கு, கிழக்கில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பார்த்ததைச் செய்து பார்க்கும் ஆசை இளைஞர்களுக்கு எழுவதும் இயல்பு. இந்தச் சாகசம் எப்படி இயங்குகிறது, எங்கே தவறுகிறது என்பதை இளைஞர்களும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

எங்கிருந்து வந்தது?

முன்சில்லில் வண்டியைத் தூக்குவதற்குப் பலமான முன் பிரேக் வேண்டும். பெருமளவில் உற்பத்தியான மோட்டார் சைக்கிள்களில் முன் டிஸ்க் பிரேக்கை பரவலாக்கியது 1969இல் வெளிவந்த ஹொண்டா சிபி 750. பின்னர் வந்த ஸ்போர்ட்ஸ் வண்டிகள் நீளத்தில் குறுகி, எடை குறைந்து, முன்சில்லில் இரண்டு டிஸ்க்குகளுடன் வந்தன. இவை ஸ்டொப்பிக்கு இடம் கொடுத்தன.

1990களில் பிரித்தானியாவின் கரி ரொத்வெல் போன்றவர்கள் மோட்டார் பந்தயத் திடல்களில் இத்தகைய சாகசங்களைக் காட்டிப் பெயர் பெற்றனர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்த ‘ஸ்டார்போய்ஸ்’ குழுவின் வீடியோக்கள் இதனை உலகெங்கும் இளைஞர்களிடம் கொண்டுசென்றன. ஜேர்மனியின் கிறிஸ் பைஃபர் பிஎம்டபிள்யூ வண்டிகளில் இதை ஒரு கலையாகவே வளர்த்தவர். அவர் 2022 மார்ச்சில் தனது 51ஆவது வயதில் காலமானார். அதே ஆண்டில் வெளியான அஜித்குமாரின் ‘வலிமை’ படத்தின் மோட்டார் சைக்கிள் காட்சிகள் எமது இளைஞர்களிடமும் இந்த ஆர்வத்தைக் கிளறின.

பின்சில்லு ஏன் எழுகிறது?

துவிச்சக்கரவண்டியில் முன் பிரேக்கைச் சடுதியாக அழுத்திக் குப்புற விழுந்த அனுபவம் பலருக்கும் உண்டு. அதே விதிதான் இங்கும். பிரேக் பிடிக்கும்போது முன்ரயர் வீதியைப் பற்றிப்பிடித்து வண்டியைத் தடுக்கிறது. ஆனால் வண்டியினதும் ஓட்டுநரினதும் பாரம் நிலத்துக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. அந்தப் பாரம் முன்னோக்கிப் போகவே பார்க்கும். இதனால் பின்சில்லின் சுமை முன்சில்லுக்கு மாறுகிறது. பின்சில்லில் சுமை முற்றாக இல்லாமல் போகும் கணத்தில் அது எழுகிறது.

ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டியில் இரு சில்லுகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் சுமார் 1.4 மீற்றர். பாரமையம் இடையில், சுமார் 70 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பின்சில்லை எழுப்ப புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு இணையான வேகக்குறைப்புத் தேவை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டியைச் சுமார் 10 மீற்றருக்குள் நிறுத்தும் அளவு பிரேக் அது. நீளமான, தாழ்வான வண்டிகளில் பின்சில்லு எழுவதற்கு முன்பே முன்சில்லு வழுக்கிவிடும்.

ரோலிங் ஸ்டொப்பியின் இரகசியம் இதன் அடுத்த பகுதியில் இருக்கிறது. பின்சில்லு உயர உயரப் பாரமையம் முன்சில்லுக்கு மேலாக நகர்ந்துகொண்டே வரும். ஆகவே வண்டியை அதே நிலையில் வைத்திருக்கத் தேவையான பிரேக்கின் அளவு குறைந்துகொண்டே போகும். பாரமையம் முன்சில்லு நிலத்தைத் தொடும் புள்ளிக்கு நேர் மேலே வரும்போது பிரேக் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. அதுதான் சமநிலைப் புள்ளி. அதைக் கடந்தால் வண்டி ஓட்டுநரையும் சேர்த்துக் குப்புறக் கவிழும்.

எப்படிக் கற்கிறார்கள்?

முறையாகக் கற்பவர்கள் போக்குவரத்து இல்லாத, மூடப்பட்ட, சுத்தமான தார் அல்லது கொங்கிறீற் தளத்தில்தான் தொடங்குகிறார்கள். முதலில் சில சுற்றுகள் ஓடி முன்ரயரைச் சூடாக்குவார்கள். குளிர்ந்த ரயர் பிடிக்காது.

ஆரம்ப வேகம் மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர். அக்சிலேற்றரை முழுதாக மூடி, கிளச்சைப் பிடித்து, முழங்கால்களால் பெற்றோல் டாங்கை இறுக்கிக்கொள்வார்கள். உடலைத் தாங்க வேண்டியது கால்களே. கைகளில் உடல் சாய்ந்தால் ஹாண்டில் திரும்பும். பார்வை முன்சில்லில் அல்ல, தூரத்தில் இருக்க வேண்டும்.

பிரேக் இரண்டு கட்டமாக அழுத்தப்படுகிறது. முதல் அழுத்தத்தில் முன் போர்க் அமிழ்ந்து, சுமை முன்ரயரில் இறங்குகிறது. அதன் பிறகே அழுத்தம் கூட்டப்படுகிறது. ஒரே பிடியாகப் பிடித்தால், சுமை இறங்குவதற்கு முன்பே சில்லு பூட்டி வழுக்கும்.

முதல் வாரங்களின் இலக்கு பின்சில்லை ஒரு சாண் உயர்த்தி மெதுவாக இறக்குவது மட்டுமே. அது நூறு தடவை ஒரே மாதிரி வந்த பின்தான் உயரம் கூட்டப்படும். உருளுதலைப் பழகுவதற்கு வேகத்தைச் சற்றுக் கூட்டி, பின்சில்லு எழுந்தவுடன் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார்கள். தளர்த்தும் அளவு கூடினால் வண்டி கீழே வரும். குறைந்தால் மேலே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இரு விரல்களால் வண்டியைத் தாங்கி வைத்திருப்பதுதான் முழுக் கலையும்.

இங்கேதான் மனித இயல்பு எதிரியாகிறது. பயந்தால் கை இறுகும். ஆனால் வண்டி அளவுக்கு மேல் எழும்போது காப்பாற்றுவது பிரேக்கை விடுவதே. இறுகும் கையை விடப் பழக்குவதற்குத்தான் அத்தனை மாதங்கள் தேவைப்படுகின்றன. காணொளியைப் பார்த்து அதைப் பழக முடியாது.

எங்கே தவறுகிறது?

மணல், ஈரம், ஒயில், வீதியில் பூசிய வெள்ளைக்கோடு ஆகியவற்றில் ரயரின் பிடிப்பு திடீரெனக் குறையும். முன்சில்லு பூட்டிய கணத்திலேயே வண்டி பக்கவாட்டில் சாயும். ஹாண்டில் சற்றே கோணலாக இருந்தால், எழுந்த பின்பகுதி ஒரு பக்கமாகச் சுழலும். அந்த நிலையில் பின்சில்லு நிலத்தில் விழுந்தால் ஓட்டுநர் தூக்கி எறியப்படலாம். சமநிலைப் புள்ளியைத் தாண்டினால் ஓட்டுநர் ஹாண்டிலுக்கு மேலாக முன்னே விழுவார். அவருக்குப் பின்னால் வண்டியும் வரும். ஒரு 600 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டி ஏறத்தாழ 190 கிலோ.

இப்படி விழுபவர்களுக்குக் காறை எலும்பு, மணிக்கட்டு முறிவுகள் அதிகம் ஏற்படுகின்றன. தலையும் கழுத்தும் அடிபட்டால் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம். அதனால்தான் முழுமுகத் தலைக்கவசம், கையுறை, முழங்கால் முழங்கைக் காப்பு, கணுக்காலை மூடும் பாதணி இன்றி அனுபவமுள்ள எவரும் தொடங்குவதில்லை.

வண்டிக்கும் செலவு உண்டு. போர்க் சீல், ஹாண்டில் பெயாரிங், பிரேக் பட்டை, முன்ரயர் எல்லாம் வேகமாகத் தேயும். ஏபிஎஸ் பொருத்திய வண்டிகளில் சில, பின்சில்லு எழுவதை உணர்ந்து தானாகவே பிரேக்கைத் தளர்த்தும். இதற்காக ஏபிஎஸ்ஸைத் துண்டிப்பவர்கள் உண்டு. ஐந்து வினாடிச் சாகசத்துக்காகத் துண்டித்துவிட்டு, மறுநாள் மழையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும்போது அந்தப் பாதுகாப்பு இருக்காது.

எமது வீதிகளும் எமது சூழலும்

வண்டியோடு எமக்குள்ள நெருக்கம் புதியதல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்த தலைமுறை இன்னும் எம்மோடு இருக்கிறது. அன்று அது உயிர்வாழ்வதற்கான திறமை. இன்று காப்பெட் வீதிகளில் வளரும் பிள்ளைகள் அதே வண்டியில் மகிழ்ச்சியைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலைக் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் சில உண்மைகளை மறக்கவும் முடியாது.

முதலாவது, வண்டி. இங்கு பெரும்பாலானோரிடம் இருப்பவை 100 முதல் 160 சிசி வரையான இந்தியத் தயாரிப்புகள். அன்றாடப் பயணத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் விலைகள் எட்டாத உயரத்துக்குப் போனதைக் குடும்பங்கள் அறியும். லீசிங்கில் எடுத்த வண்டி உடைந்தாலும் மாதக் கட்டணம் நிற்காது.

இரண்டாவது, இடம். பொதுவீதியில் இதைச் செய்வது சட்டப்படி குற்றம். எதிரே சைக்கிளில் வரும் பாடசாலைப் பிள்ளைக்கும் அது ஆபத்து. ஆளில்லா வெளியைத் தேடிப் போவதற்கும் எமது மண்ணில் இன்னொரு தடை உண்டு. போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்தும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி நீண்டது. எச்சரிக்கைப் பலகையோ சிவப்புக் குறியோ உள்ள நிலத்துக்குள் எக்காரணம் கொண்டும் வண்டியை இறக்கக்கூடாது. உரிமையாளரின் அனுமதியோடு, சுற்றி மூடிய கொங்கிறீற் முற்றமே பாதுகாப்பான தெரிவு.

மூன்றாவது, சந்தேகம். வடக்கில் மோட்டார் சைக்கிளில் கூட்டமாகச் செல்லும் இளைஞர்கள் மீது வாள்வெட்டுக் குழு என்ற பார்வை எளிதில் விழுகிறது. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் சென்ற பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தனர். முதலில் விபத்து எனக் கூறப்பட்ட அச்சம்பவத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச்சூடு பின்னர் தெரியவந்தது. அது சாகசத்தோடு தொடர்புடைய சம்பவம் அல்ல. ஆனால் இரவு வீதியில் ஒரு தமிழ் இளைஞனின் மோட்டார் சைக்கிள் எப்படிப் பார்க்கப்படலாம் என்பதற்கு அது சாட்சி.

பெற்றோருக்கும் நண்பர்களுக்கும்

‘செய்யாதே’ என்ற ஒற்றைச் சொல் பெரும்பாலும் பிள்ளையை மறைவான வீதிக்கே அனுப்பும். எங்கே பழகுகிறான், யார் சொல்லிக் கொடுக்கிறார், தலைக்கவசம் எப்படிப்பட்டது, வண்டியின் பிரேக் யாரால் பார்க்கப்பட்டது என்று கேட்பது பயன் தரும். தனியே பழகக்கூடாது என்ற ஒரு விதியையாவது வீட்டில் உறுதியாக வைக்கலாம்.

யாராவது விழுந்தால் உடனே தூக்கி உட்கார வைக்க வேண்டாம். அவர் மூச்சு விடுகிறார் என்றால் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றவும் வேண்டாம். கழுத்து அசையாமல் தலையை இரு கைகளாலும் தாங்கி வைத்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்றிச் செல்வது முள்ளந்தண்டுக் காயத்தை மோசமாக்கலாம்.

ஷெல்லிலும் மிதிவெடியிலும் கை, கால் இழந்தவர்களோடு வாழும் ஊர்கள் எம்முடையவை. முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பராமரிப்பது என்றால் என்ன என்பதை இங்குள்ள வீடுகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேக்கில் கை வைக்கும் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.