கெவுடா: வெள்ளைக் கல்லுக்குள் ஒளிந்திருந்த நீலம்

பொகவந்தலாவை என்றால் எல்லாருக்கும் தேயிலைதான் ஞாபகம் வரும். அங்கேயே இருக்கிறவங்களுக்கு, கெசல்கமுவ ஓயாவின் வண்டல் மண்ணில் மாணிக்கக்கல் கிடக்கிறதும் தெரியும். கல் இருக்கிற சரளை அடுக்கைச் சிங்களத்தில் 'இல்லம' என்பார்கள். நம்ம காதுக்கு அது வீடு மாதிரி கேட்கும். 'சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு, கைது' என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதற்குப் பின்னால் ஒரு இரசாயனக் கதையும் இருக்கு.

நீலக்கல் என்பது அலுமினியம் ஒட்சைட்டு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. ஒரு சதவீதத்தில் நூறில் சில பங்கு இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் போதும், நீலம் வந்துவிடும். ஏ.எல். இரசாயனவியல் படித்தவங்களுக்குத் தெரியும், இரண்டும் தாண்டல் மூலகங்கள். கல்லுக்குள் இவை பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தால், இரும்பிலிருந்து ஒரு இலத்திரன் டைட்டேனியத்துக்குத் தாவும். அதற்கு வேண்டிய சக்தியை ஒளியின் மஞ்சள், சிவப்புப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது நீலம். துருவுக்குச் செந்நிறம் கொடுப்பதும், காந்தக்கல்லை இரும்பூசி இழுக்க வைப்பதும் இதே இரும்பின் இலத்திரன்கள்தான்.

கெவுடா பால் மாதிரி மங்கிய கல். டைட்டேனியம் அதிலும் இருக்கு, ஆனால் டைட்டேனியம் ஈரொட்சைட்டின் நுண்ணிய ஊசிகளாகத் தனியே ஒதுங்கிக் கிடக்கும். இரும்போடு ஜோடி சேராது. இலங்கையில் நூற்றாண்டுகளாக ஊதுகுழலால் கரி நெருப்பை ஊதிக் கல் சுட்டிருக்கிறார்கள். காற்றுப் பட்டால் இரும்பு ஒரு இலத்திரனை ஒட்சிசனிடம் விட்டுவிடும். சிவப்புக் கல்லில் கலந்திருந்த நீலச் சாயல் போய்விடும். அதாவது நீலத்தை எடுக்கும் வித்தை நம்மிடம் இருந்தது. கெவுடாவுக்கு வேண்டியது நேர்மாறு: 1500 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம், ஒட்சிசன் குறைந்த உலை. அப்போதுதான் ஊசிகள் கரைந்து டைட்டேனியம் இரும்புக்குப் பக்கத்தில் வரும்.

1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து கெவுடாவை மலிவு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ஒதுக்கிப் போட்ட கல்லுக்கும் விலை வந்ததே என்று விற்றவர்களுக்குச் சந்தோஷம். அங்கே சூளைக்குள் போன வெள்ளைக் கல் நீலமாக வெளியே வந்து, பல மடங்கு விலைக்கு உலகச் சந்தைக்குப் போனது. இங்கே காஸ் உலைகள் பரவியது பிறகுதான். தேயிலையும் இப்படித்தானே கொழும்பு தாண்டிப் போனதும் விலை ஏறுது.

சட்டம் இன்னொரு பக்கம். இரத்தினக்கல் அகழ அனுமதிப் பத்திரம் வேண்டும்; 1993 சட்டத்தின் கீழ் அதைக் கொடுப்பது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. காணி உரிமையோ, உரிமையாளரின் சம்மதமோ காட்டணும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அந்த மண்ணில் 200 வருஷம் இருந்தாலும் லயத்துக் குடும்பத்துக்குக் காட்ட உறுதி இல்லை.

திருட்டுத்தனமாகத் தோண்டுவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. தேயிலை வேர் அறுபடுது, சேறு ஓயா வழியாகக் காசல்ரி நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருது. ஆனால் செய்தியில் வருவது மண்வெட்டி பிடித்தவரின் கைது மட்டும்தான். அந்தக் கல்லை யார் வாங்கினார், எந்த உலையில் சுட்டார் என்பது அதில் வருவதில்லை.