ஸ்டான்ஸ்

கோல்ஃபில் பந்தை அடிக்குமுன் ஆட்டக்காரர் காலூன்றி நிற்கும் நிலைதான் ஸ்டான்ஸ். ‘நில்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து இத்தாலியில் ‘ஸ்டான்ஸா’ பிறந்தது. தங்குமிடம் என்று பொருள். அது பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து ஸ்டான்ஸ் ஆனது. கவிதைப் பத்தியைக் குறிக்கும் ஸ்டான்ஸாவும் இதற்கு உடன்பிறப்பே. கோல்ஃபின் தாயகமான ஸ்காட்லாந்தில் டாக்ஸி நிற்குமிடத்தை இன்றும் ஸ்டான்ஸ் என்கிறார்கள்.

வலக்கை ஆட்டக்காரரின் இரு பாதங்களும் இலக்குக் கோட்டுக்கு இணையாக இருந்தால் ‘ஸ்கொயர்’. இடக்கால் சற்றுப் பின்வாங்கினால் ‘ஓப்பன்’, வலக்கால் பின்வாங்கினால் ‘குளோஸ்டு’.

விதிநூலோ கால்களோடு உடலையும் சேர்த்தே ஸ்டான்ஸ் என்கிறது. நிற்பதற்கு வசதியாக எதையும் அடியில் கட்டியமைக்கக் கூடாது. 1987இல் கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் கிரெய்க் ஸ்டாட்லரின் பந்து மரத்தடியில் போய்க் கிடந்தது. கால்சட்டை அழுக்காகாதிருக்கத் துண்டை விரித்து, அதன்மேல் மண்டியிட்டு அடித்தார். பாவம், அதுவும் ‘ஸ்டான்ஸைக் கட்டியமைத்த’ குற்றமாயிற்று! தண்டம் 2 அடிகள். அதைச் சேர்க்காத மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டிருந்ததால், போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார்.

தமிழில் என்ன சொல்லலாம்? வில்லாளி நிற்கும் விதங்களை நம் நிகண்டுகள் ‘நிலை’ என்றே குறிக்கின்றன. ஆனால் ‘கால்நிலை’ என்றெழுதினால் ஒரு புள்ளி தவறியதும் ‘காலநிலை’ ஆகிவிடும். ‘நிற்பு’ போதும் என்பது என் கட்சி.